பூஜ்யம் இருந்த இடத்தில் நான் போட்ட ஒன்று

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷினைத் தானாக நிறுத்தும் பெட்டியை உள்ளூரில் கிடைத்த சாமான்களை வைத்தே செய்தேன். வெளிநாட்டு மெஷினோடு வந்த போர்டு எரிந்துபோனால், புதியது கப்பலில் வரும் வரை மெஷின் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். அந்தப் போர்டுகளைப் பிரித்து, எந்தக் கம்பி எங்கே போகிறதென்று நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியின் உட்புறத்தில் படம் போட்டு, நானே சரி செய்தேன். மெஷினோடு வரும் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட எனக்குப் புரியாது. படங்களை மட்டும் பார்ப்பேன். படம் இல்லாத பக்கத்தில் மெஷினையே பார்ப்பேன். ஊசி உடைந்தால் விளக்கு எரிகிற பெட்டி, ரோல் நிறைந்தால் மணி அடிக்கிற பெட்டி, வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரைக் காப்பாற்றுகிற பெட்டி, எல்லாம் என் கை செய்தவை. அவிநாசி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியவன். இன்று அதே ரோட்டில் மூன்று மாடி.

இந்தப் பட்டியலைச் சொல்லும்போது எல்லோரும் கடைசியில், துணியில் கோடு விழவைக்கும் ஸ்டிரைப் பெட்டியையும் சேர்த்துவிடுவார்கள். பல வருடம் நானும் சேர்த்துக்கொண்டேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை என்பதால் அல்ல, எழுதக் கூச்சமாக இருந்ததால் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

கோடு போட்ட பனியன் துணி எப்படி வருகிறதென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிட்டிங் மெஷின் வட்டமானது. சுற்றிக்கொண்டே துணி பின்னும். வெள்ளை நாலு சுற்று, நீலம் ஆறு சுற்று என்று டிசைன் இருந்தால், நாலாவது சுற்று முடிந்த நொடியில் வெள்ளை நூல் விலகி நீல நூல் உள்ளே வர வேண்டும். அன்றைக்கு எங்கள் பக்கம் ஓடிய பழைய மெஷின்களில் இதைச் செய்தது ஒரு சங்கிலி. டிசைன் மாறினால் சங்கிலியைக் கழற்றி, முளைகளை மாற்றி மாட்ட அரைநாள் ஆகும். பட்டன் அமுக்கி எண் போட்டால் மாறுகிற மாதிரி ஒரு பெட்டி இருந்தால் எப்படி என்று யோசித்தது நான். இதில் யாருக்கும் பங்கு கிடையாது.

ரிலே சுவிட்சுகளை வைத்துச் செய்து பார்த்தேன். அலமாரி அளவுக்கு வந்தது. மைக்ரோகண்ட்ரோலர் என்று ஒரு சிப் இருக்கிறது, ப்ரோகிராம் எழுதினால் அது ஒன்றே எல்லாம் செய்யும் என்றார்கள். ப்ரோகிராம் எழுத ஆள் தேடினேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். ஒரு பெண் வந்தாள்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. முப்பது வயது இருக்கும். புருஷன் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டைலர். இவளும் அங்கேயே செக்கிங்கில் பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரோடு என் மேஜையில் வைத்தாள்.

“படிச்சு ஒம்பது வருசம் ஆச்சு அண்ணாச்சி. படிச்ச படிப்புக்குன்னு பாத்தா இதான் மொத வேல. குடுத்துப் பாருங்க.”

“மறந்திருக்காதா அம்மணி?”

“மறக்காம இருக்கத்தான் தெனமும் ராத்திரி சர்க்யூட்டு வரைஞ்சு பாப்பேன். எங்க வீட்டுக்காரரு, கோலத்த பேப்பர்ல போடுதியேன்னு சிரிப்பாரு.”

எடுத்துக்கொண்டேன். அதையும் நான் செய்த நல்ல காரியமாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போட்டேன். பஞ்சு பறக்கிற ஊர் என்பதால் அதற்குப் பனியன் துணியிலேயே உறை தைத்தோம். ப்ரோகிராம் எழுதுகிற எடிட்டரை அவள் சிடியிலிருந்து ஏற்றினாள். முதல்நாள் பூராவும் ஒரு வரி ப்ரோகிராம்கூட எழுதவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னம்மணி, எழுதவே காணோம்?”

“எழுததுக்கு முன்னால இடத்த ஒழுங்கு பண்ணனும் அண்ணாச்சி. எந்தச் சிப்புன்னு சொல்லணும், எவ்வளவு மெமரின்னு சொல்லணும். கிரிஸ்டல்ல என்ன நம்பர் போட்ருக்கு, பாத்துச் சொல்லுங்க.”

போர்டில் இருந்த வெள்ளித் தகர டப்பாவைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, கண்ணாடி இல்லாமல் வாசித்தேன்: பதினொன்று புள்ளி பூஜ்யம், ஐந்து, ஒன்பது, இரண்டு. அவள் தட்டினாள். ஒரு ஃபோல்டர் போட்டாள். அதற்குள் ஒரு ஃபைலில் ப்ரோகிராம், இன்னொன்றில் சிப்பின் எந்தக் கால் எந்த வேலைக்கு, மூன்றாவதில் மாற்றக்கூடிய எண்கள் மட்டும். சிப்புக்குள் ஏற்றுகிற ஃபைல் தனியாக வருவதற்கு ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் தன் பெயரையும் தேதியையும் எழுதினாள்.

“இது எதுக்கு?”

“யாரு எழுதுனதுன்னு தெரியணும்லா அண்ணாச்சி. தப்புன்னா யார்கிட்ட கேக்கணும்னு தெரியணும்.”

கம்பெனி என்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது, யோசனை என்னுடையது, தலையில் இவள் பெயரா என்று எனக்குச் சுருக்கென்றது. மனசில் வைத்துக்கொண்டேன்.

இந்தச் சிப்புக்குள் விண்டோஸ் மாதிரி எதுவும் இருக்காதா என்று கேட்டேன். இல்லை என்றாள். “அடியில ஒண்ணுமே கிடையாது அண்ணாச்சி. வெறுந்தரையில நிக்க மாதிரி. கரண்டு வந்ததும் சிப்பு முழிச்சு, பூஜ்யம்ங்கிற இடத்துலருந்து நாம எழுதுனத வாசிக்க ஆரம்பிக்கும். நாம சொன்னத அப்படியே செய்யும். ப்ரோகிராம் முடியவும் கூடாது. முடிஞ்சா அதுக்குப் போக்கிடம் இல்ல. அதனால சுத்திக்கிட்டே இருக்க மாதிரி எழுதணும்.”

“நம்ம மெஷினாட்டவே சுத்துதா!” என்றேன். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலம் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதி, ஏற்றுகிற பெட்டியின் நெம்புகோலை அழுத்தி நாற்பது கால் சிப்பை மாட்டி ஏற்றி, போர்டில் வைத்தாள். சிவப்பு விளக்கு ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. அவ்வளவுதான். ஆனால் கொட்டகையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நான் செய்தது என்று சொல்லித்தான் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மாதத்தில் ஸ்டிரைப் பெட்டி ஓடியது. முதல் நாலு பெட்டிகளை அவிநாசியில் ஒரு நிட்டிங்காரர் வாங்கி நாலு மெஷினில் மாட்டினார். தோட்டம் வைத்திருந்தவர், மெஷின் போட்டு முன்னேறியவர், வாய்க்காரர். கோடு அளந்து வைத்த மாதிரி விழுந்தது. ஆனால் அவருக்கு ஒரு குறை.

“ஏனுங்ணா, மெஷின் ஓடிட்டிருக்குது, உங்க பொட்டி பூஜ்யம்னு காட்டுது. பாக்கறவிய மெஷின் நிக்குதாங்கறாங்க.”

எனக்கும் அதே குறைதான். மடத்துக்குளம் பக்கம் எங்கள் களத்தில் வள்ளம் என்கிற அளவுப் படியை வைத்துச் சோளம் அளக்கும்போது, முதல் வள்ளத்தைக் கொட்டுகையில் ‘லாபம்’ என்று சொல்வோம். அடுத்தது இரண்டு, மூன்று. ஒன்று என்றுகூடச் சொல்ல மாட்டோம், லாபம் என்போம். அப்படிப்பட்டவன் பெட்டியில் முதலில் பூஜ்யம் தெரிவதா? அவளிடம் சொன்னேன்.

“அது ஓடி முடிச்ச சுத்து அண்ணாச்சி. மொத சுத்து இன்னும் முடியலைல்லா, அதான் பூஜ்யம்.”

“ஓடுறதே ஒண்ணுதானம்மணி. வள்ளத்தக் கையில எடுத்தாலே லாபம்னு சொல்றமல்ல.”

“வள்ளத்த எடுக்கும்போது சொல்லுதியளா, கொட்டி முடிச்சப்பொறவா?”

“கொட்டும்போதே.”

“அப்ப ரெண்டாவது வள்ளத்துக்குப் பாதியில நிறுத்துனா எத்தனன்னு சொல்லுவிய?”

பக்கத்தில் சால்டரிங் செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. “படிச்ச திமிரு,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். கிறிஸ்துமஸ் முடிந்து வந்து அதற்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று பின்னாலேயே வந்து சொன்னாள். பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போனாள்.

அந்தப் பத்து நாளுக்குள் அவிநாசிக்காரர் இன்னும் எட்டுப் பெட்டி கேட்டார். பெரிய ஆர்டர், உடனே வேண்டும் என்றார். பூஜ்யத்தை எடுத்துத்தான் தருவேன் என்று நானே வாக்குக் கொடுத்தேன். அவள் வரும்வரை பொறுத்திருக்கலாம். அவள் வந்து செய்தால் அவள் செய்ததாகிவிடும்.

கம்ப்யூட்டர் உறையை எடுத்தேன். மூன்று மாதம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். எடிட்டரைத் திறந்தேன். எண்கள் மட்டும் இருக்கிற ஃபைலைத் தேடினேன். எண் என்ன பாஷையில் இருந்தாலும் எண்தானே. ஒரு வரியின் கடைசியில் பூஜ்யம் இருந்தது. அது எண்ணத் தொடங்குகிற இடம் என்று அவள் ஒருநாள் காட்டியிருந்தாள். பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டேன். அவள் அமுக்குகிற அதே பட்டனை அமுக்கினேன். கீழே, தவறு எதுவும் இல்லை என்று அவள் சந்தோஷப்படும் அதே வரி வந்தது. எட்டுச் சிப்பிலும் ஏற்றினேன்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று என்னைவிடச் சந்தோஷமான ஆள் இந்த ஜில்லாவில் இல்லை. நாலாங்கிளாஸ் படித்தவன் சிப்புக்கு ப்ரோகிராம் ஏற்றிவிட்டான். சின்ன மோட்டாரை மேஜையில் ஓடவிட்டுச் சோதனையும் போட்டேன். பெட்டி ஒன்று காட்டியது, இரண்டு, மூன்று, நாலு. நாலு வந்ததும் டிக் என்று மாறியது. சரியாக இருக்கிறது என்று அனுப்பினேன்.

நாலு வந்தது என்றால் நாலாவது சுற்று தொடங்கப் போகிறது என்றுதான் அர்த்தம். முடிந்தது மூன்றுதான். ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்ததால் ஒரு சுற்றை ஓடாமலே ஓடியதாகப் பெட்டி எடுத்துக்கொண்டது. முப்பது வருடம் துணியைத் தடவிப் பார்த்தே மெஷினின் நோயைச் சொன்னவன், அன்று டிஸ்பிளேயை மட்டும் பார்த்தேன். ஒரு முழம் துணி ஓட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளை நாலுக்குப் பதில் மூன்று, நீலம் ஆறுக்குப் பதில் ஐந்து. தனியாகப் பார்த்தால் தெரியாது, கோடு கோடாகத்தான் இருக்கும். பழைய பெட்டி மாட்டிய நாலு மெஷின் துணியும், புதுப்பெட்டி மாட்டிய எட்டு மெஷின் துணியும் ஒன்றாகக் கட்டிங்குக்குப் போயின. முன்பக்கம் ஒரு துணி, முதுகு ஒரு துணி. தைத்து முடித்த பிறகு விலாப்பக்கத்தில் ஒரு கோடும் எதிர்க் கோட்டோடு சேரவில்லை.

அவிநாசிக்காரர் இரண்டு பனியன்களோடு வந்து என் மேஜையில் விரித்தார். அவள் ஊரிலிருந்து திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. அவளும் அங்கே இருந்தாள்.

“இத பாருங்ணா. இந்தப் பக்கம் போன கோடு அந்தப் பக்கம் ஊடு போய்ச் சேரவே இல்ல. வழியிலயே தொலைஞ்சு போச்சு.”

இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. வாய் மட்டும், “ப்ரோகிராமப் பாருங்கம்மணி,” என்றது.

அவள் எடிட்டரைத் திறந்தாள். கொஞ்ச நேரம்தான். அந்த வரியில் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இது நான் போட்டது இல்லியே அண்ணாச்சி. ஃபைல மாத்துன தேதி போட்ருக்கு. அன்னைக்கி நான் ஊர்ல இருந்தேன்.”

“பின்ன பேயா வந்து போட்டுச்சு?” என்றேன். “தலையில உன்ற பேருதானே எழுதி வெச்சிருக்குது?”

அவிநாசிக்காரர் சிரித்தார். “பேயும் இப்பல்லாம் கம்ப்யூட்டர் கிளாஸ் போகுதாட்டம் இருக்குதுங்ணா.”

அவள் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் சொல்வேன் என்று நின்றாள். நான் பனியனை மடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று திரும்பி, ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டாள். இன்னும் இரண்டு வரி எதையோ தட்டினாள். எட்டுச் சிப்பையும் வரவழைத்து ஏற்றிக் கொடுத்தாள்.

“உங்களுக்குப் பெட்டியில ஒண்ணுன்னு தெரியணும், அம்புட்டுதான? தெரியும். உள்ள பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கும். காட்டும்போது மட்டும் ஒண்ணு கூட்டிக் காட்டும்,” என்றாள். என்னிடம் பேசிய கடைசி வேலைப் பேச்சு அது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட, கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்து, பேனல் போர்டு செய்கிற ஒருவர் எனக்குப் போன் செய்தார். அந்தப் பெண் அவரிடம் வேலை கேட்டிருக்கிறாள். என்னிடம் வேலை பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள், மறைக்கவில்லை.

“அவிநாசியில என்னமோ துணி வீணாப்போச்சுன்னு சொல்லிக்கறாங்களே. எப்படிங்க அந்தம்மா? எடுத்துக்கலாமுங்களா?”

அப்போது கொட்டகையில் யாரும் இல்லை. அவிநாசிக்காரரும் இல்லை. வெட்கப்படுவதற்கு ஓர் ஆள்கூட இல்லை. நல்ல வேலைக்காரி, தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் அந்தப் போன்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் இன்னொருவரிடம் சொல்வார், அவர் அவிநாசியில் சொல்வார் என்று என் மனசு ஓடியது.

“சுமாருங்க,” என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஒரு வருடம் கழித்து ஒரு கம்பெனிக்குப் போர்டு மாட்டப் போனேன். செக்கிங் மேஜையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே அவள் பனியனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். “நல்லாருக்கியளா அண்ணாச்சி? அந்தப் பெட்டி நல்லா ஓடுதா?” என்று கேட்டாள். குத்திக் காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே பெட்டியைப் பற்றித்தான் கேட்டாள். ஓடுகிறது என்றேன். “சந்தோசம்,” என்று உட்கார்ந்து அடுத்த பனியனை எடுத்தாள். மன்னிப்பு என்கிற சொல் என் வாய் வரை வந்தது. பக்கத்து மேஜைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கிவிட்டேன்.

அவள் எழுதிய அந்த ப்ரோகிராம்தான் பிறகு சோமனூர் வரை போன அத்தனை பெட்டியிலும் ஓடியது. அந்தப் பெட்டியால்தான் மூன்று மாடி வந்தது. உள்ளே பூஜ்யம், வெளியே ஒன்று என்கிற உபாயத்தை ஐயாவின் மூளை என்றார்கள். நான் மறுக்கவில்லை. துணி வீணான கதையும் மெல்ல மாறியது. படித்த பெண் செய்த தப்பைப் படிக்காத ஐயா துணியைப் பார்த்தே பிடித்துவிட்டார் என்று கல்யாண வீடுகளில் சொன்னார்கள். ஒருமுறை மேடையிலேயே சொன்னார்கள். கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்வது என் மகன். வரவேற்பறையில் மாட்ட, கம்பெனி வரலாறு என்று ஒரு பெரிய பலகை தயார் செய்கிறான். அச்சுக்குப் போகும் முன் என்னிடம் காட்டினான். ஸ்டிரைப் பெட்டி என்ற தலைப்புக்குக் கீழே, ‘மென்பொருளில் நேர்ந்த பிழையை நிறுவனரே கண்டறிந்து சீர்செய்தார்’ என்று இருக்கிறது.

“நல்லாருக்குதுங்களாப்பா?” என்று கேட்டான்.

அவனிடம் வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம். மகனே, படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெளிவாகவே சொல்கிறேன். நூல் அறுந்தால் நிற்கிற பெட்டி என்னுடையது, அப்படியே இருக்கட்டும். ரோல் மணி, வோல்டேஜ் பெட்டி, எதிலும் கை வைக்காதே, ஒரு எழுத்தைக் குறைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்டிரைப் பெட்டியில் யோசனை என்னுடையது, அதையும் போடு. ப்ரோகிராம் எழுதியது அந்தப் பெண் என்று போடு. வெளியே ஒன்று காட்டுகிற உபாயமும் அவளுடையது என்று போடு. அவள் பெயரை இங்கே நான் எழுதவில்லை, அவளைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை. முதலில் நீ என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. அவள் சம்மதித்தால் பெயரோடு போடு. சம்மதிக்காவிட்டால் ‘எங்கள் பொறியாளர்’ என்று போடு. கதவைச் சாத்தினாலும் அப்படியே போடு.

அவிநாசித் துணியை வீணாக்கிய அந்த ஒன்றைப் போட்டது நான். எடிட்டரைத் திறந்தது நான், பூஜ்யத்தை அழித்தது நான், எட்டுச் சிப்பில் ஏற்றியதும் நான், பழியைத் தூக்கி அவள் மேல் போட்டதும் நான். அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. என் போட்டோவுக்குக் கீழே, மற்றதெல்லாம் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில், என் பெயரோடு அது வர வேண்டும். வராத பலகையை நான் உயிரோடு இருக்கும் வரை அந்தச் சுவரில் மாட்டக் கூடாது.